தலை எண்ணாத ஓடம்

சின்னக்குடாவின் மேல் பாலம் வந்து பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் இருதயமேரிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் ஏறியதும் உட்கார மாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒவ்வொரு தலையாகப் பார்ப்பாள். உதடு மட்டும் அசையும். பாலம் தாண்டி வண்டி நின்றதும் மறுபடி ஒரு தரம். நடுவில் யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்று கண்ணால் கண்டிருந்தாலும், எண்ணி முடிக்காமல் அவள் கால் படிக்கட்டில் இறங்காது.

"என்னக்கா, கணக்கு நேராயிடுச்சா? வண்டிய எடுக்கலாமா?" என்பான் கண்டக்டர்.

"நேராயிடுச்சு தம்பி. எடு."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். உள்ளங்கை வேர்த்திருப்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் மறை கழன்ற பொம்பளை என்று நினைத்துக்கொள்வார்கள். ஓடக்காரத் தெருவில் பிறந்தவர்களுக்கோ அது அதைவிட மோசம். அந்தத் தெருவில் ஆள் தலையை எண்ணுவது, எழவு வீட்டில் போய்ப் பாயசம் கேட்பது மாதிரி.

குடா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காரைக்காலுக்குத் தெற்கே கடல் கையை உள்ளே நீட்டி ஒரு பிடி நிலத்தைக் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு தண்ணீர்ப் பரப்பு, அவ்வளவுதான். கோடையில் கடலைத் தொடுகிற வாயில் மணல் மேடிட்டு மூடிக்கொள்ளும். குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி மழையில் வாய்க்கால் தண்ணியெல்லாம் வந்து முட்டியதும் மணல் உடையும். அன்றைக்குக் குடாவுக்கு வாய் முளைக்கும். அதன் பிறகு தை வரைக்கும் அது குளம் இல்லை; இழுக்கிற தண்ணீர். வடகரையில் ஓடக்காரத் தெரு. தென்கரையில் மணல்மேடும், மேட்டில் கல்லறையும், அதற்கப்பால் சில குடியிருப்புகளும். சாலை வழியாகப் போவதென்றால் மேற்கே பழைய பாலத்தைச் சுற்ற வேண்டும்; சோற்றைக் கட்டிக்கொண்டு நடக்கிற தூரம். ஆகவே உயிரோடிருப்பவர்களுக்கும் செத்தவர்களுக்கும் ஓடம்தான்.

அந்த ஓடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தலை எண்ணக் கூடாது. எண்ணினால் தண்ணீருக்குக் கணக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் ஒன்றைக் கழித்துக்கொள்ளும். 'எண்ணிக் கொடுத்தா எண்ணி எடுக்கும்' என்பார்கள். அதனால் ஆளுக்கு இவ்வளவு என்று கூலியும் கிடையாது. ஊர்க்காரர்கள் அறுப்பு முடிந்ததும் நெல் அளப்பார்கள். வெளியாட்கள் தகர டப்பாவில் தோன்றியதைப் போடுவார்கள். 'கால் ஓடம்', 'அரை ஓடம்', 'நிறைஞ்ச ஓடம்' என்ற மூன்று அளவுதான் அந்தத் தெருவுக்குத் தெரியும். ஆட்கள் ஏறும்போது ஓடக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். தப்பித் தவறிக்கூட மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று ஓடிவிடக் கூடாதல்லவா.

இருதயமேரி இந்தத் தெருவில் பிறந்தவள் இல்லை. நெடுங்காட்டுப் பெண். அங்கே தண்ணீர் என்றால் வாய்க்காலில் வருவது. திறந்தால் வரும், அடைத்தால் நிற்கும். முழங்காலுக்கு மேல் ஏறினால் அதற்குப் பெயர் வெள்ளம். கோயிலில் தாலி கட்டி அழைத்து வந்த அன்று, மாமனார் கல்லறைக்கு மாலை போட மாப்பிள்ளை அடைக்கலராஜ் தன் ஓடத்திலேயே அவளை அக்கரைக்குக் கூட்டிப் போனான். போகவர இரண்டு தடவையும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணத் தொறடி, தண்ணி கடிக்காது" என்றான் அவன்.

"கடிக்கலேன்னா எதுக்கு இப்புடி உறுமுது?"

இந்தப் பதிலை அடைக்கலராஜ் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரித்தவனுக்குப் பிறகு இழுப்பு வந்தது. மழைக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் யாரோ கீற்றைக் கிழிப்பது மாதிரி சத்தம். மூங்கில் கம்பை ஊன்றித் தள்ளவேண்டிய மாதங்களில்தான் அவனால் எழுந்து உட்காரக்கூட முடியாமல் போனது. அவன் அண்ணன் யாகப்பன் ஒருநாள் வாசலில் நின்று, "ஓடம் நிக்கப்படாது. நீ தள்ளலேன்னா வேற கை பாக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் விடிந்ததும் இருதயமேரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கம்பை எடுத்தாள். பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்.

நீச்சல் தெரியாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு கல்லறைத் திருநாள். விடியும்போதே மழை. மணல் உடைந்து நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. குடாவின் வாயில் தண்ணீர் பழுப்பாகக் கொதித்துக்கொண்டு கடலுக்குள் போயிற்று. மற்ற நாளாக இருந்தால் ஓடத்தை இழுத்துக் கட்டியிருப்பார்கள். செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற நாளில் அப்படிச் செய்ய முடியாது. சுற்றுப்பட்டு ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குஞ்சம்மா டீக்கடையில் ஒதுங்கி நின்றார்கள்.

இருதயமேரி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பின்னால் ஆட்கள் ஏறினார்கள். ஓடம் அமுங்குவது காலில் தெரிந்தது. எல்லார் தலையிலும் சாக்குக் கொங்காணி. மடித்துக் கவிழ்த்த சாக்குக்குள் முகம் எது, முதுகு எது என்றே தெரியாத மழை.

"யாருய்யா அது, சைக்கிள் கைப்பிடிய என் விலாவுல நட்டு வைக்கிறது?" என்றது ஒரு குரல். சுல்தான் பீவி. வடகரையில் கடலை மிட்டாய் போட்டு விற்கிறவள். தென்கரையில் கட்டிக்கொடுத்த மகள் மஹ்பூபாவைப் பார்க்க வாரத்தில் பாதி நாள் ஓடத்தில் இருப்பாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்று ஓர் ஆண் குரல்.

"எங்கப்பா தள்றது, தண்ணியிலயா? இந்தா, பரங்கிக்காய மிதிக்காதீங்க. புள்ளத்தாச்சிக்குக் கொண்டுபோறது."

"ராத்தா, நிறைஞ்சிருச்சா?" என்று இருதயமேரி திரும்பாமலே கேட்டாள்.

"நிறைஞ்சு வழியுது. தள்ளு."

தள்ளினாள். பாதி வரைக்கும் ஒன்றுமில்லை. நடுவுக்கு வந்ததும் கம்பு தரையைத் தொடவில்லை. நேற்றுக்கூட எட்டிய இடம். தண்ணீர் அடியில் மணலை அரித்துக்கொண்டு போயிருந்தது. ஊன்ற இடம் இல்லாமல் கம்பு வழுக்கிய நொடியில் ஓடம் குறுக்கே திரும்பி வாயைப் பார்த்து நகர ஆரம்பித்தது. அலை ஒன்று பக்கப்பலகைக்கு மேல் ஏறி உள்ளே கொட்டியது. "மாதாவே" என்றும் "அல்லாவே" என்றும் "ஐயோ" என்றும் கூச்சல். ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே, ஓடத்துக்கு வெளியே, 'தொப்' என்று ஒரு சத்தம்.

அவள் கேட்டாள். கேட்டதும் திரும்பவில்லை. திரும்பினால் ஓடம் போய்விடும். கம்பைத் துடுப்பு மாதிரி போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எப்படியோ தரை எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தாள். தென்கரையில் ஓடம் முட்டியதும் ஆட்கள் தப்பித்தால் போதுமென்று குதித்து, மழையில் மணல்மேட்டைப் பார்த்து ஓடினார்கள். அவள் குந்தி உட்கார்ந்து, முகத்து மழையைத் துடைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

ஓடத்தில் ஒரு சைக்கிள் கிடந்தது.

குடையை மறந்து வைப்பார்கள், தூக்குச்சட்டியை மறந்து வைப்பார்கள். சைக்கிளை எவனும் மறந்துவிட்டு இறங்கமாட்டான். அது சாய்ந்து கிடந்தது. கைப்பிடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மெழுகுவத்திக் கட்டு. காகிதம்கூட இன்னும் முழுசாக நனையவில்லை. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் 'கைலாசநாதன் வாடகை சைக்கிள், திருநள்ளாறு ரோடு' என்று எழுதியிருந்தது.

"சைக்கிள் யாருது?" என்று கத்தினாள். மழைதான் பதில் சொன்னது.

அந்தத் 'தொப்' மறுபடி காதுக்குள் கேட்டது.

கல்லறைக்கு ஓடினாள். மேடு முழுக்கக் குடைகளும் சாக்குகளும். குடைக்குக் கீழே குனிந்து அணைந்து அணைந்து போகிற திரியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குடையாகப் போய், "சைக்கிள் உங்களுதா? உங்களுதா?" என்று கேட்டாள். சிலர் தலையாட்டினார்கள், சிலர் செபத்தை நிறுத்தாமல் கையை அசைத்துப் போகச் சொன்னார்கள். தன் தகப்பன் கல்லறையருகே நின்ற யாகப்பன் அவளைப் பார்த்ததும் முகம் மாறினார். தென்கரையில் வலை காயவைக்க வந்து இரவு இங்கேயே தங்கியவர் அவர்.

"என்ன இது, அரண்டு போய் வர்றே?"

சொன்னாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவளைச் சிலுவைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார். அவர் தொண்டையில் ஒரு கேள்வி வந்து நின்றது. அந்தத் தெருவில் பிறந்த யாரும் கேட்காத கேள்வி. அதை விழுங்கிவிட்டு, "ஓடம்... எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நிறைஞ்சிருந்துச்சு மச்சான்."

"இங்க வந்து சேர்றப்ப?"

இருதயமேரி வாயைத் திறந்தாள். "அப்பவும் நிறைஞ்சுதான்..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். ஒரு ஆள் குறைந்தாலும் நிறைந்த ஓடம் நிறைந்த ஓடமாகத்தான் தெரியும். அதுவரை அவளுக்கு அது தோன்றியதேயில்லை.

"பதறாத. எவனாச்சும் வந்து கேப்பான்" என்றார் யாகப்பன். அவர் குரலில் பதற்றம் இருந்தது.

"கேக்கலேன்னா?"

அவர் கல்லறைப் பக்கம் திரும்பி நடந்தார்.

காத்திருக்க அவளால் முடியவில்லை. வாயை விட்டு நன்றாக மேற்கே ஒதுங்கி, வெறும் ஓடத்தைத் தனியாக வடகரைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். எதிரே சைக்கிள். ஒவ்வொரு அசைவுக்கும் அதன் சக்கரம் தானாகச் சுற்றி 'டிக் டிக்' என்றது. யாரோ உட்கார்ந்து மிதிக்கிற மாதிரி. அன்றைக்கு ஆத்துமாக்களின் நாள் என்பது நினைவுக்கு வந்து, ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டு, பிறகு காலை நீட்டிச் சக்கரத்தை மிதித்துப் பிடித்தபடியே கரை சேர்ந்தாள்.

குஞ்சம்மா டீக்கடையில் ஒரு நம்பிக்கை இருந்தது. யாராவது 'அது என்னுது' என்று சொல்லிவிட மாட்டார்களா?

குஞ்சம்மா சைக்கிளைப் பார்த்தாள். "மஞ்ச சட்டை போட்ட ஆளு. நல்லாப் பாத்தேனே. இத உருட்டிக்கிட்டு வந்து ஓடத்துல ஏத்துனான்."

"ஏறுனானா?"

"ஏறுனான்."

"அப்புறம் இறங்குனானா?"

"இறங்குறதுக்கா ஏறுவான்? சாரல் அடிக்குதேன்னு நான் படுதாவ இறக்கி விட்டேன். ஏன் கேக்குறே?"

இருதயமேரி டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தாள்.

செய்தி தெருவில் பரவுவதற்கு என்ன நேரம் ஆகும். வலைக்காரர்கள் இரண்டு தோணிகளை இறக்கினார்கள். அடைக்கலராஜ் போர்வையைச் சுற்றிக்கொண்டு, பத்தடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டான். அவளைத் திட்டுவான் என்று பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான். அது இன்னும் பயமாக இருந்தது.

சிவப்புத் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு போலீஸ்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷன்தான். முதல் கேள்வியே அதுவாகப் போயிற்று.

"ஓடத்துல எத்தனை பேரும்மா இருந்தாங்க?"

"நிறைஞ்சிருந்துச்சுங்க."

"நிறைஞ்சிருந்தா எத்தனை பேரு?"

"நிறைஞ்சா... நிறைஞ்சதுதாங்க."

"பத்தா, பதினஞ்சா, இருவதா?"

சுற்றி நின்றவர்கள் காதைப் பொத்தாத குறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கிழவி எச்சிலைத் துப்பினாள்.

"ஏன்யா," என்றார் போலீஸ்காரர் அடைக்கலராஜைப் பார்த்து, "ஆட்டுக்காரன்கூடப் பொழுது சாஞ்சா பட்டியில எண்ணிப் பாக்குறான். நீங்க ஆளுங்கள ஏத்துறீங்க."

அடைக்கலராஜ் இருமினான். "ஆட்ட எண்ணலாங்க" என்றான் இருமலுக்கு நடுவே. "மனுஷன எண்ணுனா... எங்க வழக்கம் அப்படிங்க."

"சரி, எத்தனை பேரு காணோம்? அதையாவது சொல்லு."

இருதயமேரி நிமிர்ந்தாள். இவ்வளவு நேரம் ஒரே ஒரு மஞ்சள் சட்டைக்காரனைத்தான் அவள் தண்ணீருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பது போலீஸ்காரர் கேட்ட பிறகுதான் உறைத்தது. சைக்கிள் இருந்ததால் ஒருத்தனைத் தெரிந்தது. சைக்கிள் இல்லாமல் ஏறியவர்கள்?

சைக்கிள் கடைக்கு ஆளனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் போனார். மழை கொஞ்சம் விட்டது. இருதயமேரி ஒரு தோணியில் ஏறிக்கொண்டாள். கரையில் உட்கார்ந்திருப்பதைவிடத் தண்ணீரில் இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சுலபமாக இருந்தது. வலையை வீசினார்கள், தென்கரையில் நின்றவர்களும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கட்டையும் செத்தையும் வந்தன. மறுபடி வீசினார்கள். மெல்ல வாய்ப்பக்கம் போனார்கள்.

"அங்க பாரு" என்றான் ஒருவன்.

நுரைக்கு நடுவே உருண்டையாக ஒன்று முங்கி எழுந்தது. ஒரு தலையளவு. இருதயமேரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். மறுபடி முங்கியது, மறுபடி எழுந்தது, மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. அது முகத்தைக் காட்டப்போகிறது என்று நினைத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த அன்று மூடியதைப் போல.

"பரங்கிக்கா" என்றான் அவன்.

யாரும் சிரிக்கவில்லை. பரங்கிக்காயைத் தூக்கித் தோணிக்குள் போட்டார்கள். அது உருண்டு வந்து அவள் காலில் முட்டியது. அவள் உதைத்துத் தள்ளினாள். 'தொப்' என்றது இதுவா? இதுவாக இருந்தால், இது மட்டும்தானா? இதற்கு முன்னால், இதற்குப் பின்னால், அவள் கேட்காத சத்தம் ஏதாவது?

பொழுது மேற்கே இறங்குகிற வரைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. "கடல் வாங்கியிருந்தா ரெண்டு நாள் கழிச்சு நாகூர்ப் பக்கம் ஒதுக்கும்" என்று வலைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காலையில் அக்கரைக்குப் போனவர்கள் தென்கரையில் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களை இட்டு வர வேண்டும். அடைக்கலராஜ், "நான் வர்றேன்" என்று எழுந்தான். எழுந்தவன் மூச்சு முட்டி மறுபடி உட்கார்ந்தான். இருதயமேரி கம்பை எடுத்தாள்.

தென்கரையில் ஓடம் முட்டியது. ஒருவரும் ஏறவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவர்கள் பார்த்த பார்வையில் அவள் ஏற்கெனவே கொலைகாரியாகியிருந்தாள். கூட்டத்திலிருந்து கொங்காணி போட்ட ஓர் ஆள் முன்னால் வந்தான். வலைக் கயிறு இழுத்த கையெல்லாம் சேறு.

"அக்கா," என்றான் தயங்கி, "இந்தக் களேபரத்துல கேக்குறேன்னு நெனைக்காதீங்க. ஓடத்துல ஒரு சைக்கிள் வந்துச்சே, பாத்தீங்களா?"

இருதயமேரி ஓடத்திலிருந்து மணலில் இறங்கினாள்.

"வாடகை சைக்கிளுங்க. கைப்பிடியில மஞ்சப் பை இருக்கும்."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைப் பார்த்தாள். பாதம் தரையில் இருந்தது. முழங்கால் வரைக்கும் சேறு. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கட்டியிருந்தது. பேய்க்கு நகம் பெயராது. கையை நீட்டி அவன் கொங்காணியைப் பிடித்து இழுத்தாள். உள்ளே சேறு பூசிய மஞ்சள் சட்டை.

"நீ... ஏறுனியா?"

"ஏறுனேங்க. இறங்கிட்டேன்."

"எப்ப?"

"நீங்க தள்றதுக்கு முன்னாடி. சைக்கிள ஏத்திட்டுப் பாத்தா கையில பூவக் காணோம். மதகுகிட்ட செயின் மாட்டுறப்ப வச்சது. குதிச்சு ஓடி எடுத்துக்கிட்டு வந்தா ஓடம் போயிடுச்சு. கூவுனேன், மழையில உங்க காதுல விழல. இங்க யாராச்சும் சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னு பழைய பாலத்தச் சுத்தி ஓடியாந்தேன். வந்தா ஓடமும் இல்ல, சைக்கிளும் இல்ல."

அவன் பெயர் சோமு. அம்பகரத்தூர். கூட வேலை பார்த்துச் செத்துப்போன சிநேகிதனுக்குப் பூ வைக்க வந்தவன்.

"அட கிறுக்கா," என்றாள் கூட்டத்திலிருந்து சுல்தான் பீவி, "உன்னையத்தானடா ஊரே வல போட்டுத் தேடுது. இங்க நின்னு கயிறு இழுத்தியே, யாரத் தேடுறாங்கன்னு கேக்கலியா?"

"கேட்டேங்க. யாரோ மஞ்ச சட்டைக்காரன், பாவம்னாங்க. எனக்கே மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் போயி கயிறப் புடிச்சேன்."

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. காலையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். யாகப்பன்கூடச் சிரித்துவிட்டார். "மாதா காப்பாத்திட்டா. ஏறுங்க, ஏறுங்க, இருட்டுது" என்றார். தோணியிலிருந்து எடுத்த பரங்கிக்காயைச் சுல்தான் பீவியிடம் யாரோ நீட்டினார்கள். "தல முழுகிட்டு வந்திருச்சு. இனிமே இத எவ திம்பா?" என்றாள் அவள்.

இருதயமேரி சிரிக்கவில்லை. சோமுவின் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. அவன் கிடைத்துவிட்டான். சரி. மற்றவர்கள்? காலையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று இப்போதும் யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் இறங்கினார்கள் என்றும் தெரியாது. சைக்கிள் இல்லாத ஒருவன், தேட ஆளில்லாத ஒருவன், பரங்கிக்காய் விழுந்த அதே நொடியில் மறுபக்கம் விழுந்திருந்தால்? சிரிக்கிறவர்களுக்கு முடிந்துபோன பயம் அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

ஆட்கள் ஓடத்தில் ஏற வந்தார்கள். வழக்கப்படி அவள் முதுகைத் திருப்ப வேண்டும்.

அவள் திருப்பவில்லை.

"இருதயம், என்ன பாக்குறே?" என்றார் யாகப்பன்.

"எண்ணப் போறேன் மச்சான்."

சிரிப்பு நின்றது. வாயில் தண்ணீர் இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பைத்தியமா உனக்கு? இன்னிக்கித் தப்பிச்சது போதாதா?"

"தப்பிச்சமான்னுதானே தெரியல."

"எண்ணுற ஓடத்துல நான் ஏற மாட்டேன்."

"சரி மச்சான்."

யாகப்பன் விலகினார். அவர் விலகியதைப் பார்த்துப் பின்னால் பாதிப் பேர் விலகினார்கள். பழைய பாலத்தைச் சுற்றிப் போனாலும் போவோமே தவிர இதில் வரமாட்டோம் என்று மணலில் நடக்க ஆரம்பித்தார்கள். அந்தத் தெருவில் சிலர் அதற்குப் பிறகு பாலம் வருகிற வரைக்கும் அவள் கம்பு பிடித்த ஓடத்தில் கால் வைக்கவேயில்லை.

மீதிப் பேர் நின்றார்கள், ஏறவும் இல்லாமல் போகவும் இல்லாமல். சுல்தான் பீவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பரங்கிக்காயோடு ஏறி, முன்பலகையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எண்ணிக்க. உடம்பப் பாத்து ரெண்டா எண்ணிடாத."

"ஒண்ணு" என்றாள் இருதயமேரி.

சொன்னதும் தண்ணீரைப் பார்த்தாள். அது பழையபடிதான் ஓடிக்கொண்டிருந்தது. சோமு ஏறினான். "ரெண்டு." மெழுகுவத்திப் புகை மணக்கிற ஒரு கிழவர், கையில் பிள்ளையோடு ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். ஒவ்வொருவர் ஏறும்போதும் அவள் வாய்விட்டுச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணும், வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே எத்தனை பேர் படுத்திருக்கிறோம் என்று தெருவில் நின்று கூவுவது மாதிரி இருந்தது. கைப்பிள்ளையை எண்ணுவதா வேண்டாமா என்று ஒரு நொடி குழம்பி, அதையும் எண்ணினாள்.

நடுவில் கம்பு தரையைத் தொடாத இடம் வந்தது. மேற்கே ஒதுங்கித்தான் வந்தாள். ஆனாலும் அந்த இடத்தில் தண்ணீர் பலகையைத் தட்டியது. கேட்டுவிட்டது, தண்ணீருக்குத் தெரிந்துவிட்டது, இப்போது ஒன்றைக் கேட்கும் என்று நினைத்தாள். நினைத்தபடியே கம்பை எடுத்து ஊன்றி, எடுத்து ஊன்றி, ஓடத்தில் இருக்கிற தலைகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தள்ளினாள்.

வடகரையில் அடைக்கலராஜ் போர்வைக்குள் சுருண்டு, சைக்கிளைத் தோளோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஆட்கள் இறங்கினார்கள். மறுபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோமு சைக்கிளிடம் ஓடி முதலில் செயினைத் தொட்டுப் பார்த்தான். கடைசியாகச் சுல்தான் பீவி, அவள் தோளைப் பிடித்து இறங்கி, தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

அடைக்கலராஜ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சுக்குள் கீற்று கிழிகிற சத்தம் கேட்டது. அவன் தகப்பனும் தாத்தாவும் வாயால் சொல்லாத கேள்வி. இரண்டு முறை மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்.

"எத்தனை பேரு?"

"எட்டு" என்றாள். கம்பை மணலில் ஊன்றி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னோட ஒம்பது."